படுக்கக் கூடாத பத்து நாள்

எங்கள் கலெக்டர் ஆபீஸில் யார் வீட்டில் யாருக்கு வயிற்றில் ஆபரேஷன் என்றாலும் கடைசியில் என் மேஜைக்குத்தான் வந்து நிற்கிறார்கள். உங்களுக்கும் அப்படித்தானே மேடம் பண்ணாங்க, எப்படி இருந்துச்சு என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி என் வாய் ஓய்ந்துவிட்டது. நான் தட்டச்சு செய்கிறவள். ஒரு விஷயத்தை நூறு தடவை சொல்வதைவிட ஒரு தடவை தட்டி வைப்பது எனக்குச் சுலபம். இனிமேல் கேட்கிறவர்கள் கையில் இதைக் கொடுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

வருகிறவர்கள் கேட்பதெல்லாம் ஒன்றுதான். எவ்வளவு எடுத்தார்கள், எவ்வளவு செலவாச்சு, முடி கொட்டியதா. எப்படிப் படுத்திருந்தீர்கள் என்று இன்றுவரை ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. எனக்கு வந்தது வயிற்றில் புற்றுநோய். ஆனால் நான் சாகப் பார்த்தது அதனால் இல்லை, மல்லாந்து படுத்ததால். ஆகவே நீங்கள் கேட்காவிட்டாலும் நான் அதைத்தான் விலாவாரியாகச் சொல்லப் போகிறேன்.

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. தொண்ணூறுகளின் கடைசி. வீடு அடி அண்ணாமலையில். என் வீட்டுக்காரர் ஏகாம்பரம் அங்கே இரண்டு ஏக்கரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கரும்பும் போடுகிறார். நான் தினமும் பஸ் பிடித்து வேங்கிக்கால் ஆபீசுக்குப் போய் வருவேன். பிள்ளைகள் இல்லை. அவர் பேச மாட்டார், நான் நிறுத்த மாட்டேன். இருபத்திரண்டு வருஷம் அப்படியே ஓடிவிட்டது.

முதலில் நெஞ்சுக்குக் கீழே எரிச்சல். ஓமத் தண்ணீர் குடித்தேன், மெடிக்கலில் சொல்லி ரோஸ் கலர் மருந்து வாங்கிக் குடித்தேன். பிறகு நாலு வாய் சோற்றுக்கே வயிறு நிறைந்த மாதிரி ஆனது. புடவை இடுப்பில் நிற்கவில்லை. ஆபீஸில் எல்லோரும் மெலிஞ்சிட்டீங்க மேடம், நல்லா இருக்கு என்றார்கள், நானும் ஈ என்று இளித்துக்கொண்டு நின்றேன். ஒருநாள் கக்கூசில் கறுப்பாகப் போனதும்தான் பயம் பிடித்தது. உள்ளூர் டாக்டர் வேலூருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

வேலூரில் எண்டோஸ்கோப்பி செய்தார்கள். வாய் வழியாக விரல் தடிமனில் ஒரு குழாயை விட்டு, அதன் நுனியில் இருக்கும் வெளிச்சத்தில் இரைப்பைக்குள் பார்ப்பார்கள். சந்தேகமான இடத்தில் மிளகளவு சதையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அதற்குப் பெயர் பயாப்சி. காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்றார்கள். மத்தியானம் ஒரு மணிக்குத்தான் கூப்பிட்டார்கள். அவ்வளவு நேரமும் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் ஒரு டீகூடக் குடிக்கப் போகவில்லை. போய்ச் சாப்பிட்டு வாங்களேன் என்று எரிந்து விழுந்தேன். பசிக்கலை என்றார். காலை நாலு மணிக்கே எழுந்து வந்த மனுஷனுக்கு எப்படிப் பசிக்காமல் இருக்கும்.

ஒரு வாரம் கழித்து ரிசல்ட். டாக்டர் அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். வெளியே வந்தவர் கவரை மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டே, வயிற்றில் புண்ணாம், ஆபரேஷன் பண்ணால் சரியாகிவிடுமாம் என்றார். நான் கையை நீட்டினேன். கொடுத்துவிட்டார். அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. எனக்கு வரும் என்பதை அந்த நேரத்தில் மறந்துவிட்டார் பாவம்.

கார்சினோமா என்று போட்டிருந்தது. அந்தச் சொல்லை நான் ஆபீஸில் எத்தனையோ மருத்துவச் செலவுக் கோரிக்கைகளில் தட்டியிருக்கிறேன். அதில் பாதிப் பேருக்கு அடுத்த வருஷம் குடும்ப ஓய்வூதியக் கடிதத்தையும் நானே தட்டியிருக்கிறேன். புண்ணுதாங்க, கொஞ்சம் பெரிய புண்ணு என்று சொல்லிக் கவரை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். பஸ்ஸில் போளூர் வரும் வரைக்கும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குப் பயம். என் பேச்சு நின்றதில் அவருக்கு அதைவிடப் பயம்.

ஆபரேஷனுக்குத் திருவண்ணாமலையிலேயே செங்கம் ரோட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனோம். இருபது கட்டில்தான். சென்னையிலிருந்து வாரம் ஒரு நாள் ஒரு சர்ஜன் வந்து பெரிய ஆபரேஷன்களைச் செய்துவிட்டுப் போவார். படங்களைப் பார்த்துவிட்டு, கட்டி இரைப்பையின் அடிப்பக்கத்தோடு நிற்கிறது, வெளியே பரவியதாகத் தெரியவில்லை, முக்கால் இரைப்பையை எடுத்துவிட்டு மீதியைக் குடலோடு சேர்த்துத் தைத்துவிடலாம் என்று நிதானமாகச் சொன்னார். பிழைத்துவிடுவேனா என்று நேராகக் கேட்டேன். "கட்டியை எடுக்கறது என் வேலைம்மா. அதுக்கப்புறம் பத்து நாள் நுரையீரலைக் காப்பாத்தறது உங்க வேலை. ரெண்டும் நடந்தா பொழைச்சிப்பீங்க" என்றார்.

வயிற்றில் ஆபரேஷன் செய்தால் நுரையீரலுக்கு என்ன வந்தது என்று எனக்குப் புரியவில்லை. அதைப் புரிய வைத்தவர் கிரேஸ் சிஸ்டர். என் வயதுதான் இருக்கும். செங்கத்துக்காரர். யாரிடமும் குழைந்து பேசத் தெரியாது. எனக்கு அதனாலேயே பிடித்துப்போயிற்று.

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். மேல் வயிற்றைக் கிழித்துத் தைத்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் தையல் இழுக்கும். வலிக்குப் பயந்து நாம் மேலாகவே மூச்சு விடுவோம். அப்போது நுரையீரலின் அடிப்பாகத்துக்குக் காற்றே போகாது. அது சுருங்கி ஒட்டிக்கொள்ளும். இருமவும் பயம், அதனால் சளி அங்கேயே தங்கும். தங்கிய சளியில் கிருமி சேர்ந்தால் காய்ச்சல், மூச்சுத் திணறல். அதுதான் நிமோனியா. மல்லாந்து படுத்தால் இன்னும் மோசம். குடல் எல்லாம் மேலே ஏறி நுரையீரலை அழுத்தும். புளித்த தண்ணீர் தொண்டைக்கு வந்து நமக்கே தெரியாமல் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

ஆகவே கட்டிலின் தலைமாட்டை எந்நேரமும் உயர்த்தியே வைக்க வேண்டும். தூங்கும்போதும் சேர்த்துத்தான். கட்டிலின் கால்மாட்டில் ஒரு இரும்புக் கைப்பிடி இருக்கும். அதைச் சுற்றினால் தலைமாடு ஏறும், இறங்கும். பாதி உட்கார்ந்த நிலைக்குக் கீழே இறக்கவே கூடாது என்றார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இடப்பக்கம், வலப்பக்கம் மாற்றிச் சாய்க்க வேண்டும். சறுக்கிச் சறுக்கிக் கீழே வந்து வயிறு மடிந்து கிடந்தால் உட்கார்ந்ததாகக் கணக்கில்லை. இடுப்புதான் மடிய வேண்டும், வயிறு மடியக் கூடாது. அடுத்த நாளே காலைத் தொங்கப் போட்டு உட்கார வேண்டும், அதற்கடுத்த நாள் நாற்காலி. தையல்மேல் தலையணையை அணைத்துப் பிடித்துக்கொண்டு இரும வேண்டும். மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவையும் கொடுத்தார். குழாயை வாயில் வைத்து மூச்சை இழுத்தால் பந்து ஏறும். ஆபரேஷனுக்கு முன்பு பத்து நாள் வீட்டில் பழகினேன். மூன்று பந்தையும் ஏற்றிவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்ப்பேன். இதற்கு ஒரு மெடல் கொடுக்க மாட்டார்களா என்பேன். அவர் சிரிக்கக்கூட மாட்டார்.

திங்கட்கிழமை ஆபரேஷன். நாலரை மணி நேரம் ஆனதாம். கண் விழித்தபோது மூக்கில் ஒரு குழாய், வயிற்றின் பக்கவாட்டில் ஒரு குழாய், சிறுநீருக்கு ஒன்று, கையில் குளுக்கோஸ். வலி என்றால் வலி, அப்படி ஒரு வலி. என் வாயில் வராத கெட்ட வார்த்தை எல்லாம் மனசுக்குள் வந்து போயிற்று. தலைமாடு உயர்ந்திருந்தது. அடுத்த நாள் காலை கிரேஸ் சிஸ்டர் இன்னொருத்தியைத் துணைக்கு வைத்துக்கொண்டு என்னை எழுப்பி உட்கார வைத்தார். கண்ணில் பூச்சி பறந்தது. உங்களுக்கு நல்ல கதியே வராது என்று அவரைத் திட்டினேன். திட்டுறதுக்கு மூச்சு வேணும் இல்ல, நல்லாத் திட்டுங்க என்றார்.

அன்று முற்பகல் ஈரத் துணியால் உடம்பைத் துடைத்து, தலை வாரி, வேறு புடவை சுற்றிவிட்டார்கள். மருந்து மயக்கத்தில் தலை முன்னால் தொங்கித் தொங்கி விழுந்ததால் சிஸ்டர் ஒரு துண்டைச் சுருட்டி என் தாடைக்குக் கீழே கழுத்தைச் சுற்றி அண்டை கொடுத்தார். என் நாத்தனார் சரோஜா கோயிலுக்குப் போய்விட்டு நேராக வந்தாள். என் நெற்றி நிறையத் திருநீறு பூசி, என்னோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனாள். அவள் போன பிறகு நான் அப்படியே உட்கார்ந்த மாதிரி கண்ணயர்ந்துவிட்டேன்.

மத்தியானம், சிஸ்டர்கள் டியூட்டி மாறுகிற நேரம். கட்டில் மெல்ல இறங்குவது தெரிந்தது. கிறீச் கிறீச் என்று கைப்பிடி சத்தம். கண்ணைத் திறக்காமலே கிடந்தேன். ஏனென்றால் ஒரு உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும், படுத்ததும் தையலின் இழுப்பு குறைந்தது. சொர்க்கமாக இருந்தது. யார் இறக்கினார்கள், எதற்கு என்று நான் கேட்கவில்லை. பத்து நாள் பந்து ஏற்றிப் பழகிய எனக்கு விஷயம் தெரியாதா? தெரியும். இருந்தாலும் வாயைத் திறக்கவில்லை. வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த நேரம் கம்மி. அதில் இதுபோல ஒரு முட்டாள்தனம் வேறு இல்லை.

செவ்வாய்க்கிழமை மிச்சப் பொழுது முழுக்க அப்படி நடந்தது. சிஸ்டர் வந்து உயர்த்துவார், அவர் தலை மறைந்ததும் கட்டில் இறங்கும். புதன்கிழமையும் அதேதான். மறுபடி வரும் சத்தம் கேட்டால் அவசரமாக ஏறிவிடும். சிஸ்டர் ஆயாவைச் சந்தேகப்பட்டுச் சத்தம் போட்டார். கட்டில் பழசு, தானாக இறங்குகிறதோ என்று ஒரு ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். அவன் எண்ணெய் போட்டுவிட்டுப் போனான். அதனால் சத்தமும் இல்லாமல் போயிற்று.

வியாழக்கிழமை விடியும்போது எனக்குக் குளிர் தூக்கிப் போட்டது. காய்ச்சல் நூற்று மூன்று. மூச்சு மேலுக்கும் கீழுக்கும் வாங்கியது. மூன்று பந்தில் ஒன்றுகூட அசையவில்லை. சக்கரம் வைத்த எக்ஸ்ரே மிஷினைக் கட்டிலுக்கே தள்ளிக்கொண்டு வந்தார்கள். வலது நுரையீரலின் அடியில் வெள்ளையாக ஒரு திட்டு. காற்று இருந்தால் படத்தில் கறுப்பாகத் தெரிய வேண்டும். வெள்ளை என்றால் அங்கே சளியும் சீழும் அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆஸ்பத்திரி டாக்டர் சென்னைக்குப் போன் போட்டு சர்ஜனிடம் பேசினார். ஊசி மருந்தை மாற்றினார்கள், மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். நாளைக்குள் மூச்சு வாங்குவது குறையவில்லை என்றால் சென்னைக்கு அனுப்பி மூச்சு விட வைக்கும் மிஷினில் போட வேண்டியிருக்கும், மிஷினில் போனால் சுலபமாகத் திரும்ப மாட்டார்கள் என்று சர்ஜன் சொல்லியிருக்கிறார். அன்றைக்குப் பார்த்துப் பௌர்ணமி. மத்தியானத்துக்கு மேல் பஸ்ஸை எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். செங்கம் ரோட்டில் மலை சுற்றுகிற கூட்டம் நெருக்கித் தள்ளும். ஆம்புலன்ஸ் மறுநாள் காலை வரைக்கும் நகர முடியாது. ஜன்னலுக்கு வெளியே அரோகரா சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. லட்சம் பேர் அந்த மலையைச் சுற்ற வருகிறார்கள், என்னால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை என்று நினைத்தேன். அழுகை வந்தது. அழவும் மூச்சு இல்லை.

கிரேஸ் சிஸ்டர் கதவைச் சாத்திவிட்டு என் வீட்டுக்காரர் முன்னால் போய் நின்றார். சிஸ்டருக்கு அதற்குள் புரிந்துவிட்டது. கட்டிலை இறக்கினது நீங்கதானே ஐயா என்று கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். உங்க சம்சாரத்த நீங்களே சாவடிக்கிறீங்க, தெரியுதா என்றார் சிஸ்டர். சிஸ்டர் கட்டிலை ஏற்றிவிட்டு, அரை மணியில் வருகிறேன், இறங்கியிருந்தால் உங்களை வெளியே அனுப்பிவிடுவேன் என்று போனார்.

எனக்கு அவர்மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. மூச்சை இழுத்து இழுத்துக் கேட்டேன், ஏங்க இப்படிப் பண்ணீங்க என்று. கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எங்க அம்மாவ நாந்தான்மே உக்கார வச்சேன். தலை நிக்கல. துண்ட சுருட்டித் தாடைக்கு முட்டுக் குடுத்தேன். துண்ணூறு பூசினேன். நீ அதே மாதிரி உக்காந்துனு இருந்த. கண்ணு மூடினு இருந்த. என்னால பாக்க முடியல."

இதை வேறு ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டும். எங்கள் வகையறாவில் செத்தவர்களைப் படுக்க வைப்பதில்லை. குளிப்பாட்டி, புதுத்துணி சுற்றி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, சுவரோடு சாய்த்து உட்கார வைப்போம். தாடை தொங்காமல் கட்டுவோம். உட்கார்ந்தபடியே தூக்கிப் போய் உட்கார்ந்தபடியே குழியில் இறக்குவோம். உயிரோடு இருப்பவர்கள் படுப்பார்கள், போனவர்கள் உட்காருவார்கள். பிறந்ததிலிருந்து அவர் கண் பார்த்துப் பழகியது அது. ஆஸ்பத்திரிக்காரர்கள் என்னைக் குளிப்பாட்டி, தலை வாரி, துண்டு கட்டி உட்கார வைத்துவிட்டார்கள். பாக்கி இருந்த திருநீற்றையும் அவர் தங்கச்சி பூசிவிட்டுப் போய்விட்டாள். படுக்க வைத்தால்தான் அவருக்கு நான் உயிரோடு இருக்கிற பெண்டாட்டியாகத் தெரிந்திருக்கிறேன்.

கோபம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். கோபமும் இருந்தது, இந்த மனுஷனை விட்டுவிட்டு நான் எங்கே போவது என்ற நினைப்பும் இருந்தது. நான் போனால் சோறு வேண்டும் என்றுகூட யாரிடமும் கேட்கத் தெரியாத ஆள். மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னேன்.

"செத்தப்புறம் எப்படி வேணா உக்கார வைங்க. இப்ப நான் சாகாம இருக்கணும்னா உக்கார வைங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கண்ண மூடாத இரு அப்போ என்றார். அது எப்படி முடியும்? மருந்து அப்படி, காய்ச்சல் அப்படி. ஐந்து நிமிஷத்தில் கண் சொருகிவிடும். அவர் கை தானாகக் கைப்பிடி பக்கம் போகும், பதறி இழுத்துக்கொள்வார்.

கிரேஸ் சிஸ்டர் திரும்பி வந்தபோது நானே விஷயத்தைச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று பார்த்தால், திட்டவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கட்டிலைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தால்தானே பயம், முகம் தெரியாத இடத்தில் உட்காருங்கள் என்றார். என்னை இரண்டு பேராகச் சேர்ந்து முன்னால் நகர்த்தி, என் முதுகுக்கும் கட்டிலின் தலைமாட்டுக்கும் நடுவில் ஒரு தலையணையோடு அவரை ஏறி உட்காரச் சொன்னார்.

எங்கள் இருவருக்கும் தூக்கிவாரிப் போட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் நாங்கள் பஸ்ஸில்கூட ஒரே சீட்டில் ஒட்டி உட்கார்ந்ததில்லை. எதிர்க் கட்டிலில் ஒரு அம்மா, கதவோரம் அவள் மருமகன், வராந்தாவில் பாதி ஊர். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் கழுவப் போனார். போனவர் வர மாட்டார், நேராக வீட்டுக்கே போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். ஈரக் காலோடு வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். எதிர்க் கட்டில் அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நான் அவர் நெஞ்சில் சாய்ந்தேன். சிஸ்டர் அவருடைய இரண்டு கையையும் எடுத்து என் விலாவில் வைத்தார். இது விரியுதா பாருங்க, விரிஞ்சா உசுரு இருக்குதுன்னு அர்த்தம், விரியலன்னா இன்னும் பெருசா இழுக்கச் சொல்லுங்க என்றார். அவருக்கு அது பிடித்துவிட்டது. கண்ணால் பார்க்க வேண்டியதில்லை, கையில் தெரிகிறது. மேலாக மூச்சு விட்டால் உடனே, கம்மியா இருக்குது, இன்னும் இழு என்பார். அன்றைக்கு அந்த மனுஷன் பேசியதுபோல அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி, என்னை இடப்பக்கம் சாய்ப்பார். கெட்டுப்போன நுரையீரல் மேலே இருக்க வேண்டும், நல்லது கீழே இருக்க வேண்டும், அப்போதுதான் அடைத்த பக்கத்துக்குக் காற்றும் போகும், சளியும் வடியும். சிஸ்டர் உள்ளங்கையைக் குழித்து வைத்துக்கொண்டு என் முதுகில் தட்டுவார். அவரும் கற்றுக்கொண்டார். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை, அடி ஒவ்வொன்றும் எலும்பில் விழும். மறுபடி உட்கார்ந்து தலையணையைத் தையல்மேல் அழுத்திக்கொண்டு இரும வேண்டும். முதல் பத்து இருமலில் ஒன்றும் வரவில்லை, உயிர்தான் போயிற்று. வேண்டாம் விடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் தலையணையின் மேல் என் கையையும் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு" என்றார். அப்படியே நாற்பது ஒண்ணு வாங்கிவிட்டார். சாயங்காலம் தொண்டையிலிருந்து மஞ்சளும் பச்சையுமாக ஒரு கட்டி வந்தது. சிஸ்டர் கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்த சந்தோஷத்தில் நான் ஏதோ பிள்ளை பெற்றுவிட்டேனோ என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் தெரு ஓய்ந்தது. ஆம்புலன்ஸ் வாசலில் தயாராக வந்து நின்றது. டாக்டர் என் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். காய்ச்சல் நூற்று ஒன்றுக்கு இறங்கியிருந்தது. மூச்சின் வேகமும் கொஞ்சம் குறைந்திருந்தது. இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்றார். ஆம்புலன்ஸ் டிரைவர் டீ குடித்துவிட்டுக் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு போனான். அதுபோல ஒரு நல்ல காட்சியை நான் அதற்கப்புறம் பார்க்கவில்லை.

அடுத்தடுத்து வந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் முழுசாக விட இன்னும் மூன்று நாள் ஆயிற்று. எட்டாம் நாள் எக்ஸ்ரேயில் வெள்ளைத் திட்டு பாதிக்கு மேல் கரைந்திருந்தது. வெட்டிய இரைப்பையின் ஓரங்களில் புற்று இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. பிறகு வேலூருக்குப் போய் ஆறு தடவை மருந்து ஏற்றிக்கொண்டேன். முடி கொட்டியது, திரும்ப முளைத்தது, முன்னைவிடச் சுருட்டையாக. செலவுக் கோரிக்கையை நானே தட்டி நானே அனுப்பினேன். வருஷங்கள் போய்விட்டன. முக்கால் இரைப்பை இல்லாதவள் என்பதால் இன்றைக்கும் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே இரண்டு செங்கல் வைத்துத்தான் தூங்குகிறேன்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதும் அதுதான். ஆஸ்பத்திரிக்கு உடன் வருகிறவர்கள் பாசத்தில் செய்கிற காரியம்தான் ஆளைக் கவிழ்க்கும். ஐயோ பாவம், அசதியாக இருக்கிறாள், கொஞ்சம் படுக்கட்டும், எழுப்பாதீர்கள் என்பார்கள். படுக்க விடாதீர்கள். நோயாளி கெஞ்சினாலும் விடாதீர்கள், என்னைப் போல அவளும் கள்ளிதான். உங்கள் வீட்டு வழக்கத்தில் உட்கார வைப்பதற்கு ஏதாவது கெட்ட அர்த்தம் இருந்தால், அதை முதலிலேயே சிஸ்டரிடம் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை.

ஒன்பதாம் நாள் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். அன்றைக்குத்தான் முதன்முதலாக நாலு ஸ்பூன் கஞ்சி குடித்தேன். கட்டிலை உயர்த்தி, முதுகுக்குத் தலையணை வைத்து என்னைச் சாய்த்து உட்கார வைத்துவிட்டு, அவர் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இனி பின்னால் ஏறி உட்காரத் தேவையில்லை என்று சிஸ்டர் சொல்லிவிட்டார். நான் கண்ணை மூடினேன். இப்போது இவர் என்ன செய்வார் பார்க்கலாம் என்று கொஞ்சம் விஷமம்தான்.

அந்த நேரத்தில் சரோஜா உள்ளே வந்தாள். திருநீறு பூசிவிட்டுப் போனதற்கு அப்புறம் அன்றுதான் வருகிறாள். கண் மூடி உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்ததும் அவள் மூச்சு அப்படியே நின்றது எனக்குக் கேட்டது. பிறகு இன்னாண்ணா இது, அண்ணிய இப்படி உக்கார வச்சிருக்கீங்க என்று அழுகிற குரலில் கேட்டுக்கொண்டே கால்மாட்டுப் பக்கம் போனாள். கைப்பிடியில் அவள் வளையல் இடித்த சத்தம் கேட்டது.

ஸ்டூல் நகர்ந்தது. அவர் எழுந்து போய் அவள் கையைப் பிடித்திருக்க வேண்டும்.

"தொடாத" என்றார். "அவ தூங்குறா."

நான் தூங்கவில்லை. ஆனாலும் கண்ணைத் திறக்கவில்லை.